பெரியாறு 123 அடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

பருவமழை தொடங்கிவிட்டால் மதுரைப் பக்கம் இரண்டு எண்கள் எல்லார் வாயிலும் இருக்கும். பெரியாறு எத்தனை அடி? வைகை எத்தனை அடி? முன்பு பேப்பரில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்வோம். இப்போது யாராவது ஒருவர் அந்த எண்களை எக்செல்லில் போட்டு, நீலமும் பச்சையுமாக ஒரு சார்ட் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். நல்ல காரியம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் அப்படி வருகிற பல சார்ட்டுகள் தண்ணீர் இருப்பைக் கூட்டிக் காட்டுகின்றன. அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மிக மோசமானது, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்டு ஏரியா சார்ட். பெரியாற்றில் தேக்க அனுமதிக்கப்பட்ட மட்டம் 142 அடி, 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. இரண்டும் நிரம்பினால் சார்ட்டின் உச்சி 213 அடியைத் தொடும். அப்படி ஓர் அடி எங்கே இருக்கிறது? இரண்டு பேரின் உயரத்தைக் கூட்டி எடை சொல்வது மாதிரி.

அடுக்காத சாதாரண ஏரியா சார்ட்டில் வேறு வேடிக்கை. எக்செல் கடைசி சீரீஸை முன்னால் வரைகிறது. தாளில் வைகை முதல் பத்தியிலும் பெரியாறு அடுத்த பத்தியிலும் இருந்தால், வைகை மொத்தமாகப் பெரியாற்றுக்குப் பின்னால் போய் மறைந்துவிடும்.

இதெல்லாம் பார்த்தவுடன் பிடிபடும் தப்பு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது, விதிப்படி சரியாக வரைந்த ஒரு சார்ட். ஏரியா சார்ட்டின் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அவர் அப்படித்தான் போட்டிருந்தார். பெரியாறு 123 அடி. நீல நிறம் 142-இல் 87 சதவீதத்தை நிரப்பி நிற்கிறது. பார்க்கிற யாருக்கும் ‘அணை நிறைஞ்சிருக்கு’ என்றுதான் தோன்றும். ஆனால் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கப் பாதை வழியாக இந்தப் பக்கம் தண்ணீர் எடுக்க முடியாது. ஆக, நமக்கு உதவும் உயரம் 38 அடிதான். அதில் 123 என்பது சரியாகப் பாதி. அளவில் பார்த்தால் பாதிகூட இல்லை, ஏனென்றால் நீர்த்தேக்கம் மேலே போகப் போக அகலமாகும், கடைசி அடிகளில்தான் தண்ணீர் அதிகம். மேலூர்ப் பக்கம் கடைமடையில் நாற்று விடலாமா என்று யோசிப்பவருக்கு 87-க்கும் பாதிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு போகம்.

வில்லியம் பிளேஃபேர் 1786-இல் இங்கிலாந்தின் வணிகக் கணக்கைக் கோடுகளாக வரைந்தபோது, ஏற்றுமதிக் கோட்டுக்கும் இறக்குமதிக் கோட்டுக்கும் இடையில் வண்ணம் பூசினார். அந்த வண்ணத்துக்கு ஒரு பொருள் இருந்தது: வித்தியாசம். அடிக்கணக்கின் கீழே பூசுகிற நீலத்துக்கு அப்படி என்ன பொருள்?

அதனால் அடிக்கு லைன் சார்ட் போதும். அணைக்கு ஒன்றாக, ஒரே தேதி அச்சில், மேலும் கீழுமாக இரண்டு. ஏரியாதான் வேண்டும் என்றால் மில்லியன் கன அடியில் போடுங்கள். அங்கே அடுக்கினாலும் நியாயம்: பெரியாற்றிலிருந்து திறப்பது வைகைக்குத்தான் வந்து சேர்கிறது, உச்சிக்கோடு மொத்த இருப்பைக் காட்டும்.

தேதியையும் கவனியுங்கள். நம்ம ஊர் வழக்கப்படி புள்ளி வைத்து 12.11.2024 என்று அடித்தால் எக்செல் பெரும்பாலும் அதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பதியாமல் விட்ட நாட்கள் அச்சில் இடமே இல்லாமல் போய், நான்கு நாள் ஏற்றம் ஒரே நாளில் நடந்தது போல் செங்குத்தாக நிற்கும். தேதி மட்டும் இருந்து எண் இல்லாவிட்டால், ஏரியா சார்ட்டில் அணை அன்றைக்கு வறண்டு மறுநாள் நிரம்பிவிடும்!

வைகைக்கு இன்னும் மூன்று பத்திகள் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றில் எல்லாக் கட்டத்திலும் 66, அடுத்ததில் 68.5, அடுத்ததில் 69. மூன்று படுக்கைக் கோடுகள் விழும். கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடும் மட்டங்கள் அவை.