பட்டறை சொல்லும் விலை: நம் ஊர்ப் பழைய சிறு கார்கள்

சங்கரன்கோவிலில் ஒரு பழைய காரின் விலையை விற்பவரும் வாங்குபவரும் புரோக்கரும் உட்கார்ந்து பேசி முடிப்பதாகத்தான் நினைக்கிறோம். அந்த மூவரும் உட்காருவதற்கு முன்பே பட்டறை அதை முடித்து வைத்திருக்கிறது. எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை ஊரில் இருக்கிறதோ, எந்த வண்டியின் சாமான் கேட்ட மறுநாள் திருநெல்வேலியிலிருந்து வந்துவிடுமோ, அந்த வண்டிக்கு விலை நிற்கும். அந்தக் கை இல்லாத வண்டி எவ்வளவு சுகமாக ஓடினாலும் பாதி விலைக்குத்தான் போகும். இந்த ஆடித் தபசு மலரில் பழைய சிறு கார்களைத் தரம் பார்க்கும்போது, கம்பெனிகளை வரிசைப்படுத்தாமல் நம் மெக்கானிக்குகள் வழிவழியாகப் பழகிய பாணிகளை வைத்தே பார்க்கிறேன். விலை, பலம், பலவீனம் மூன்றும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் பாணி கார்புரேட்டர் காலத்தது. அம்பாசடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. பியட் என்று நாம் சொல்லும் பத்மினி பம்பாய் குர்லாவில் தயாரானது. இவை இரண்டையும் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டிலேயே பிறந்த மூன்றாவது ஒன்று மறந்து போய்விட்டது. அது சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டே கதவு. முன்பக்க மூடி மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். ஒடுக்கமான தெருவிலும் ஒரே மூச்சில் திரும்பிவிடும். குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்று பின்னால் நான்கு கதவு ஹெரால்டு வந்தது, அதன்பின் கெஸல் வந்தது, 1988-ல் கம்பெனியே நின்றது. இன்று ஹெரால்டு வைத்திருப்பவர் அதை விற்பதில்லை, விற்றாலும் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. ஆனால் அந்தப் பாணியில் கை பழகியவர்களுக்கு ஒரு திறமை இருந்தது. ஐட்லிங் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லுவார்கள். அந்தக் காது இன்று குறைந்து வருகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது மாருதி. நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்தப் பாணிதான். 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த மாருதி 800-இல் இருந்த மூன்று சிலிண்டர் 796 சி.சி. என்ஜின், சில மாற்றங்களோடு ஆம்னியிலும் ஆல்ட்டோவிலும் தொடர்ந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் இந்த ஒரே என்ஜின் குடும்பத்தை இறக்கி ஏற்றியே தொழில் கற்றார்கள். அதனால்தான் 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற 800-க்கு இன்றும் ஆள் வருகிறது. ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் கிடைக்கும். கிளட்ச் பிளேட்டு, பிரேக் ஷூ, வாட்டர் பம்பு எல்லாம் கையடக்க விலை. புதிதாகக் கார் ஓட்டப் பழகும் வீட்டுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தகடு மெல்லியது. கால் வைக்கும் தளத்திலும் கதவின் அடி ஓரத்திலும் துரு உள்ளேயிருந்து வரும். மேலே பெயிண்ட் பளபளத்தாலும் மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏ.சி.யைப் போட்டு நான்கு பேரை ஏற்றினால் மேம்பாலத்தில் மூச்சு வாங்கும். 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு மோதல் சோதனை செய்தபோது ஆல்ட்டோ 800 ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. அன்று சோதித்த ஐ10, ஃபிகோ, நானோ, போலோ ஆகியவற்றின் ஏர்பேக் இல்லாத வண்டிகளுக்கும் அதே கதிதான். ஊருக்குள்ளும் சுரண்டை, புளியங்குடி வரைக்கும் ஓட்டுவதற்கு 800 போதும். நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு மதுரை போக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாருதிப் பாணியில் என் தேர்வு 2010-க்குப் பிந்தைய ஆல்ட்டோ கே10, அல்லது அதே கே10 என்ஜின் வைத்த வேகன்ஆர். 998 சி.சி., மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். வண்டி எடை குறைவு என்பதால் இழுவை நன்றாக இருக்கும், மைலேஜும் கையைக் கடிக்காது. பத்து வயது ஆன நல்ல வண்டி இரண்டரை லட்சத்தைச் சுற்றி வரும். வேகன்ஆரில் ஏறி இறங்கப் பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நம் பக்கம் அதன் விலை இறங்குவதில்லை.

ஹூண்டாய் பாணி 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோவோடு தொடங்கியது. நான்கு சிலிண்டர் என்பதால் அதிர்வு குறைவு. ஏ.சி.யின் குளிர்ச்சி நம் கரிசல் காட்டு வெயிலுக்கு ஈடு கொடுக்கும். 2003-க்குப் பிந்தைய சான்ட்ரோ ஜிங் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். அதே வயது மாருதியைவிடக் கொஞ்சம் மலிவு. ஏன் மலிவு என்றால், சாமான் மாருதியைவிட விலை கூட, ஸ்டீயரிங் ரேக்கும் முன் சஸ்பென்ஷனும் வயதானதும் சத்தம் போடும். டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத சான்ட்ரோவை வாங்கினால், வீட்டுக்கு ஓட்டி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் சேதம் வால்வு வரைக்கும் போகும். அடுத்து வந்த ஐ10 எல்லா விதத்திலும் தேறிய வண்டி, சொல்வதற்கு அதிகம் இல்லை.

டீசல் பாணிக்காரர்கள் தனி. டாடா இண்டிகா 1998 டிசம்பரில் வந்தபோது அதன் 1405 சி.சி. டீசலும் உள்ளே இருந்த இடமும் டிராவல்ஸ்காரர்களைக் கவர்ந்தன. இன்று அது ஒரு லட்சத்துக்கும் கீழே கிடைக்கிறது என்றால், அந்த வண்டிகள் தேய்ந்த தேய்மானம் அப்படி. பிறகு வந்த 1248 சி.சி. மல்டிஜெட் டீசல்தான் இந்தப் பாணியின் உச்சம். பியட் வடிவமைத்த அந்த என்ஜின் ஸ்விஃப்டிலும் ரிட்ஸிலும் டாடா விஸ்டாவிலும் பியட் புன்டோவிலும் ஓடியதால் ஊருக்கு ஊர் அதை அறிந்த கை உண்டாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. அதன் பிறகும் 2013, 2014 ஸ்விஃப்ட் டீசலுக்கு மூன்றிலிருந்து நான்கு லட்சம் வரை கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறது. தினமும் கோவில்பட்டிக்கோ திருநெல்வேலிக்கோ போய்வரும் வியாபாரிக்கு அது சரியான கணக்கு. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது. டர்போவும் இன்ஜெக்டரும் ஒருமுறை செலவு வைத்தால், மைலேஜில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் அதற்கே போய்விடும்.

ஓட்டச் சுகமாக இருந்தும் விலை நிற்காத வண்டிக்குச் சரியான உதாரணம் ஃபோர்டு ஃபிகோ. மறைமலைநகரில் பிறந்தது. வேகத்திலும் தரையை விடாது, ஸ்டீயரிங் கையோடு பேசும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் அதன் விலை சரிந்தது. அதே ஆண்டு ஸ்விஃப்டைவிட லட்சம் ரூபாய்க்கு மேல் குறைத்தே கேட்கலாம். 2017-இல் விற்பனையை நிறுத்திய செவ்ரோலே வண்டிகளுக்கும் இதே கதை. பழகின மெக்கானிக் ஒருவர் உங்களுக்கு இருந்தால் ஃபிகோ லாபமான வாங்குதல், அப்படி ஒருவர் இல்லையென்றால் வேண்டாம்.

இரண்டு கதவுச் சிறு காரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியாக வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஹோண்டா சிவிக்கின் கூபே வகை பல ஆண்டுகள் மாணவர்களின் முதல் பழைய காராக இருந்தது. நம் நாட்டில் அந்த மரபு வேரூன்றவில்லை. 2003-ல் மாருதி, ஜென்னில் மூன்று கதவு கொண்ட கார்பன், ஸ்டீல் என்ற இரண்டை மிகக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. கோவாவில் சான் மோட்டார்ஸ் செய்த ஸ்டார்ம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த வண்டி. ஜென்னின் என்ஜின் நம் பட்டறைக்குப் பழகியதுதான், அதனால் ஓட்டத்துக்குக் குறை வராது. சிக்கல் கதவில். நீளமான கதவின் கனத்தில் கீல் தேய்ந்து கதவு தொங்கும். கதவுக் கண்ணாடியும் ரப்பரும் சாதாரண ஜென்னுடையது பொருந்தாது. திருச்செந்தூருக்கு ஆறு பேர் கிளம்பும் வீட்டில் அதுவே ஒரே காராக இருக்க முடியாது. இரண்டாவது வண்டியாக, ஆசைக்காக வாங்குபவர் வாங்கட்டும். அந்த ஆசை மதிக்கத்தக்கது.

எந்தப் பாணி வண்டியாக இருந்தாலும் பட்டறைக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: வண்டியைக் குளிர்ந்த நிலையில் காலையில் பார். விற்பவர் முன்பே சூடு பண்ணி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிட வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மேலே வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் அது ஒருமுறை கழன்றிருக்கிறது. கதவு ரப்பரைப் பிரித்துப் பார்த்தால் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராகத் தெரிய வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்பவரின் வண்டியில் டயர் மாறியிருந்தால், பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகியிருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

வண்டி எங்கிருந்து வந்தது என்பதும் நம் ஊருக்கு முக்கியம். சங்கரன்கோவிலின் டி.என். 79-ஓ, திருநெல்வேலியின் 72-ஓ, தென்காசியின் 76-ஓ என்றால் விசாரிக்க ஆள் கிடைப்பார். புளியரை வழியாக வரும் கேரள வண்டிகளை நன்றாகப் பராமரித்திருப்பார்கள், ஆனால் மழை அடித்தளத்தைத் தின்றிருக்கும். பள்ளத்தில் இறக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. டெல்லியில் பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் தடை வந்ததால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வந்தன. வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய சாலை வரியும் சேர்த்தால் அந்த மலிவு பாதியாகிவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015-ல் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மிதந்தன. அப்படி மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் மாற்றி விற்றால் கண்ணுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துருவும் இருந்தால் அந்த வண்டி எந்த விலைக்கும் வேண்டாம். அதன் ஒயரிங் வருடக்கணக்கில் கோளாறு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

காகிதத்தில் நம் மக்கள் காட்டும் அலட்சியம் எனக்குப் பெரும் கவலை. படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே வண்டி மூன்று கை மாறுகிறது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவர் எந்தத் தவறும் செய்யாமலே லட்சக்கணக்கில் கட்ட நேரும். பெயர் மாறும் வரை மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பது வாங்குபவருக்கும், மாறிய ஆர்.சி. நகலைக் கேட்டு வாங்குவது விற்பவருக்கும் பாதுகாப்பு. கடனில் வாங்கிய வண்டியென்றால் பாங்கி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் அடுத்த பேச்சே கூடாது. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க கட்டணமே 2022 ஏப்ரலில் ஐயாயிரமாக ஏறியது. அறுபதாயிரம் ரூபாய் 800-க்கு அது சின்னத் தொகை இல்லை, பேரத்தில் கழிக்க வேண்டும்.

விலையில் இன்னும் சரியாக ஏறாத ஒரு கோடு 2019. அந்த ஆண்டு ஏப்ரலில் ஏ.பி.எஸ்.ஸும் ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. 2018 ஆல்ட்டோவுக்கும் 2019 இறுதி ஆல்ட்டோவுக்கும் சந்தையில் இருபது முப்பதாயிரம்தான் வித்தியாசம் சொல்கிறார்கள். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்கும் வண்டிக்கு அந்தப் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். இதைப் பட்டறைகளும் வாங்க வருபவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததில் புது எஸ்-பிரெஸ்ஸோ, ஆல்ட்டோ கே10 ஆகியவற்றின் ஆரம்ப விலை மூன்றரை லட்சத்தை ஒட்டி இறங்கியது. சாலை வரியும் இன்ஸ்யூரன்ஸும் தனி. அப்படியிருக்க, ஐந்து வயது வண்டிக்கு மூன்றேகால் லட்சம் கேட்கும் புரோக்கரிடம் இந்தக் கணக்கை எடுத்து வைத்தே பேச்சைத் தொடங்கலாம். இரண்டு லட்சத்துக்குள் கையிருப்பு உள்ளவருக்கு இது பொருந்தாது. அவருக்கு நல்ல கையால் பார்க்கப்பட்ட, உள்ளூர்ப் பதிவுள்ள, பெயர் மாற்றித் தரும் ஒரு ஆல்ட்டோவோ சான்ட்ரோவோ இன்றும் சரியான வண்டிதான்.