மின்கருவியில் மரபிசை: ஒரு மதிப்பீடு

மரபிசையைப் புதிய கருவியில் இசைக்குங்கால் எழும் முதல் எதிர்ப்பு, "இஃது இசையன்று, இயந்திர ஓசை" என்பதே. இவ்வெதிர்ப்பு நமக்குப் புதியதன்று. ஐரோப்பிய வயலினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதர் நம் இசைக்கு இணக்கினார். இன்று அக்கருவியின்றிக் கச்சேரி மேடையை நினைத்தலும் அரிது. ஆர்மோனியமோ, கமகத்திற்கு இடந்தராதது என்னும் காரணத்தால் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியினின்று விலக்கி வைக்கப்பட்டிருந்தது. இரண்டுமே கடல் கடந்து வந்தவை. ஆகவே கருவியின் பிறப்பைக் கொண்டு தீர்ப்புரைத்தல் பொருந்தாது. ஓர் இசையின் உயிர் எங்குள்ளது, அவ்வுயிரைக் கருவி தாங்குமா என்று கேட்பதே முறையாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு இரண்டு இசைத்தட்டுகளை ஈண்டு ஆராய்வோம். ஒன்று, அமெரிக்கரான வெண்டி கார்லோஸ் 1968இல் வெளியிட்ட 'ஸ்விட்ச்டு ஆன் பாக்'. மற்றொன்று, பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'.

செர்மானிய இசைமேதை பாக்கின் படைப்புகளைக் கார்லோஸ் மோக் சிந்தசைசரில் வாசித்தார். அக்கருவி ஒரு வேளையில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கவல்லது. பாக்கின் இசையிலோ இரண்டு, மூன்று, நான்கு இழைகள் ஒருங்கே ஓடும். எனவே ஒவ்வோர் இழையையும் தனித்தனியே வாசித்து, ஒலிநாடாவில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியதாயிற்று. இவ்விடர்ப்பாடே அத்தட்டின் சிறப்பிற்கும் காரணமாயிற்று என்பது நம் கருத்து. ஒவ்வோர் இழைக்கும் தனி நிறம் வாய்த்தது. ஆர்கனில் கலந்து மயங்கும் குரல்கள் இதில் பிரிந்து நின்று ஒன்றோடொன்று உரையாடுகின்றன. பயிற்சியில்லாச் செவியும் அவற்றைப் பின்தொடரலாம். மூன்று கிராமி பரிசுகள் இத்தட்டுக்குக் கிடைத்தன.

தட்டின் முதல் உருப்படி 29ஆம் கண்டாட்டாவின் தொடக்க இசை. தனி வயலினுக்கென முன்னர் இயற்றியதொன்றைப் பாக் தாமே 1731இல் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவிற்கும் மாற்றியமைத்ததே அஃது. படைத்தவரே கருவி மாற்றத்திற்கு இசைந்தார் எனின், அவ்விசையின் உயிர் இழைகளின் பின்னலில் உள்ளது. ஒலியின் நிறம் அதற்கு ஆடையே. ஆயின் ஒரு குறையும் உண்டு. மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் நடுப்பகுதிக்குப் பாக் எழுதியவை இரண்டே சுரக்கட்டுகள். அவ்வெற்றிடத்தைக் கார்லோஸ் தம் கருவியின் விந்தை ஓசைகளால் நிரப்புகிறார். பின்னல் இல்லாத அவ்விடத்தில் கருவியின் ஆரவாரமே எஞ்சுகிறது.

இனி, சரண்ஜித் சிங்கின் தட்டு. பூபாலி, மால்கவுன்ஸ், கலாவதி, பைராகி முதலிய பத்து இந்துஸ்தானி இராகங்கள் இதில் உள்ளன. இந்நான்கும் முறையே நம் மோகனம், இந்தோளம், வலஜி, ரேவதி ஆகியவற்றிற்கு நிகரானவை. இராகத்தின் உயிர் பெரும்பாலும் சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையில் உள்ளது. நம் தோடியின் காந்தாரத்தை அசைவின்றி நிறுத்திவிட்டால் தோடி எங்கே? இச்சிக்கலைச் சிங் உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. கித்தார்க் கலைஞருக்குத் துணையாகத் தாழ்சுரம் ஒலிக்கவெனச் செய்யப்பட்டது ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303 என்னும் சிறுகருவி. ஒரு சுரத்தினின்று அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. அவ்வசதியை அவர் இராகத்தின் பணிக்குத் திருப்பினார். மேனாட்டுச் சுரக்கட்டுகளைத் திணித்து இராகத்தைச் சிதைக்கவுமில்லை. இவ்விரண்டும் பாராட்டத்தக்கன.

எனினும், டிஸ்கோ தாளம் அனைத்தையும் ஒரே நடையில் ஓட்டுகிறது. விடியலுக்குரிய லலித், மழைக்குரிய மேக், நள்ளிரவுக்குரிய மால்கவுன்ஸ் ஆகிய மூன்றும் ஒரே விரைவில் ஏறி இறங்குகின்றன. ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில், இடைவிடாத் தாளத்தின்மேல், இராகம் தன் இயல்பை விரித்துக் காட்டுவதெங்ஙனம்? உருவம் தெரிகிறது, முகபாவம் தெரியவில்லை. 2010இல் இத்தட்டு மறுபதிப்புற்றபோது, பின்னாளில் சிகாகோவில் தோன்றிய நடன இசைக்கு இது முன்னோடி போன்றதென மேனாட்டார் வியந்தனர். அவ்வியப்பு மின்னிசை வரலாற்றிற்குரியது. இராகம் நிறைவாக வந்ததா என்பதை நம் செவியே சொல்லல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நம் இல்லங்களுக்கும் உரியது. தாயகம் விட்டுப் பிறநகரங்களில் வாழும் நாம், பாட்டு வாத்தியார் கிடைக்காத குறையை நீக்கப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாங்கித் தருகிறோம். மின்னணுச் சுருதிப்பெட்டியை நாம் தயக்கமின்றி ஏற்றதில் தவறில்லை; சுருதிக்கு வேண்டுவது நிலைபேறு, அசைவன்று. கீபோர்டின் நிலை வேறு. அதன் கட்டைகளை மட்டும் அறிந்த பிள்ளைக்குக் கல்யாணி என்பது ஏழு சுரங்களின் வரிசையாகவே நின்றுவிடக்கூடும். வளைத்து வாசிக்கும் நெம்பினை உடைய கீபோர்டுகள் உள. ஆயின் எவ்வளவு வளைத்தல் வேண்டுமென்பதைக் கருவி கற்பிக்காது. அதனைக் குரலே கற்பிக்கும். ஆதலின் பிள்ளைகள் முதலில் சரளிவரிசையை வாய்விட்டுப் பாடட்டும். அதன்பின் எக்கருவியை எடுப்பினும் அவர்கள் கையில் இராகம் பிழைத்திருக்கும்.