இலக்கியப் பயிற்சியில் வினா

வினா ஆறு வகைப்படும் என்பது நன்னூலார் கொள்கை. அவற்றுள் தான் அறிந்ததனைப் பிறன் அறிவானோ என ஆராய வினாவுவது அறிவினா. ஒரு பொருளில் துணிவு பிறவாது வினாவுவது ஐயவினா. காண்டிகையுரைக்கு வினாவும் விடையும் உறுப்புக்களாம் எனவும் அந்நூல் கூறும். எனவே, நூலைக் கற்றலும் வினாதலும் தமிழ் மரபிலே பிரிவின்றி நின்றவை. ஆயின், இக்காலத்து இலக்கிய வகுப்புக்களில் வழங்கும் வினாக்களுட் பெரும்பாலன அறிவினாக்களாகவே அமைந்துவிடுகின்றன.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்துக்கொள்வோம். கண்ணகியின் சிலம்பிலிருந்த பரல் யாது, கோப்பெருந்தேவியின் சிலம்பிலிருந்த பரல் யாது என்பன பரீட்சைக்கென்றே பயிலப்படும் வினாக்கள். மாணிக்கம், முத்து என இரு சொற்களில் விடை முடியும். காப்பியத்தைத் திறவாத மாணாக்கனும் கைநூலைப் பார்த்து அவ்விடையை எழுதிவிடலாம்.

இனி, அதே செய்தியை வேறொரு வினாவாக்குக. பரல் யாது என்பதனைப் பாண்டியன் எப்பொழுது வினவியிருத்தல் வேண்டும்? இதற்கு விடை காண விழையும் மாணாக்கன் கொலைக்களக் காதைக்கு மீளவேண்டும். ஆங்கே, ஊடிய தேவியை நாடிச் செல்லும் அரசன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்கின்றான். கோவலனை ஒரு சொல்லேனும் கேட்டானல்லன். வழக்குரை காதையிலும் அவன் பரலைப்பற்றி வினவவில்லை. கண்ணகியே அதனை முன்வைக்கின்றாள். பின்னரே அரசன் தன் தேவியின் சிலம்பு முத்துடைத்தெனக் கூறி, அதனைக் கொணர்விக்கின்றான். தன் வழக்கைத் தானே தோற்பிக்கும் அக்கூற்று அவன் செங்கோன்மைக்குச் சான்றாகுமா? அன்றி, முன்னரே செய்யவேண்டிய ஆராய்ச்சியைக் காலங்கடந்து செய்ததாகுமா? இரு பக்கத்துக்கும் நூலிலே ஆதாரம் உண்டு. ஆசிரியருக்கும் இஃது ஐயவினாவே. அதனாலேயே மாணாக்கன் சிந்திக்க இடம் பிறக்கின்றது.

மேனாட்டுக் கல்வியாளர் புளூம் முதலியோர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட பகுப்பிலே அறிவு, விளக்கம், பிரயோகம், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் என ஆறு படிகள் காணப்படும். 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திலே படைத்தல் உச்சியில் வைக்கப்பட்டது. இப்படிகளைக் கண்டு கீழ்ப்படியை இகழ்தல் தவறாகும். பரல் இன்னதென அறியாதவன் பாண்டியனின் நீதியை மதிப்பிடப் புகின், அவன் கூறுவது வெற்றுரையாகவே முடியும். நூலிற் சான்று காட்டாத கருத்து எத்துணை உயர்ந்த வினாவுக்கு விடையாயினும் திறனாய்வாகாது.

குறை எளிய வினாவில் இல்லை. அவ்வளவில் நின்றுவிடுதலிலேயே உள்ளது. சிலம்பின் பரல் யாதென்னும் எளிய வினாவை உரிய வேளையில் அரசன் வினவியிருப்பின் கோவலன் உயிர் பிழைத்திருப்பான். அவ்வினாவின் விடையை மனனஞ்செய்தும் இவ்வுண்மையை உணராத மாணாக்கன் பரீட்சையிலே தேறலாம், காப்பியத்தைக் கற்றவனாகான். அவனை அதன்பால் ஆற்றுப்படுத்தும் வினாவை ஆக்குதலே இலக்கிய ஆசிரியரின் தலையாய கடமையாகும்.