நாற்பது டிகிரி அறையில் லேப்டாப் விசிறி

போன மே மாசம் ஒரு மத்தியானம், ரெண்டு மணி. அனந்தபுரத்தில் அக்கா வீட்டு மாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அக்கா மகள் ஒரு கம்பெனி வேலைக்கான ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். கேமரா ஓட வேண்டும், திரை பகிர்வு ஓட வேண்டும், பிரவுசரை மூடவே கூடாது என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். இருபத்தைந்தாவது நிமிஷத்தில் லேப்டாப் பட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்து உள்ளே போனால் தேர்வு முடிந்துவிட்டதாகச் செய்தி. அவ்வளவுதான், அந்த வாய்ப்பு போச்சு.

சாயங்காலம் நான் போனபோது அழுது ஓய்ந்திருந்தாள். கேட்டது ஒரே கேள்வி: "மாமா, வீடியோவுல சொன்ன மாதிரியே ஃபேன் சாஃப்ட்வேர் போட்டு நூறு பர்சன்ட் வெச்சிருந்தேன். ஃபேனு ஃபுல்லாத்தான் ஓடுச்சு. அப்பறம் ஏன் அணைஞ்சு போவுது?"

இந்தக் குறிப்பு அந்தக் கேள்விக்கான பதில். கூடவே, அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோன அறிவுரையைப் பற்றிய விமர்சனமும்தான்.

அந்த வகை வீடியோக்களில் ஏழெட்டை உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு. ஒரு மென்பொருளை இறக்கு, நிறுவு, விசிறி வேகத்தை நூறுக்கு இழு, வெப்பம் இறங்குவதைப் பார், லைக் போடு. ஒன்றில்கூட அந்த அறையின் வெப்பம் எவ்வளவு என்று சொல்லவில்லை. என் முதல் குற்றச்சாட்டு இதுதான். அறை வெப்பத்தைச் சொல்லாமல் லேப்டாப் வெப்பத்தைச் சொல்வது, எடைக்கல்லைக் காட்டாமல் தராசைக் காட்டுவது மாதிரி.

காரணம் சின்னக் கணக்குதான். ப்ராசஸரின் வெப்பம் என்பது அறை வெப்பம் கூட்டல், ப்ராசஸர் தின்னும் வாட் பெருக்கல் வெப்பத்தடை. வெப்பத்தடை என்றால், சிப்பிலிருந்து வெளிக்காற்று வரை சூடு போகிற பாதையில் ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது. அந்தப் பாதையில் வரிசையாக நாலு படி: சிப்பின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட், செம்புக் குழாய், மெல்லிய உலோகத் தகடுகள், கடைசியில் விசிறி தள்ளும் காற்று. விசிறி வெறும் நாலாவது படி.

கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம். வாட்டுக்கு 2 டிகிரி தடை, ப்ராசஸர் 30 வாட் இழுக்கிறது. சிப் அறையைவிட 60 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும். 25 டிகிரி ஏசி அறையில் 85. பிரச்சினையில்லை. நம் மாடி அறையில் மே மாத மத்தியானம் 40 என்றால் 100. இன்டெல்லின் பல லேப்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரிதான் எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சமாளிக்க முடியாவிட்டால், அல்லது பக்கத்திலிருக்கும் வேறு ஏதாவது பாகம் தாங்காவிட்டால், இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அதே லேப்டாப், அதே வேலை, அதே விசிறி. மாறியது அறை மட்டும்தான்.

சரி, விசிறியை முழு வேகத்துக்கு ஏற்றினால்? தடை 2-லிருந்து 1.8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 வாட்டில் 6 டிகிரி மிச்சம், அதாவது 94. மோசமில்லை. ஆனால் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்து, பேஸ்ட்டும் காய்ந்து, தடை 2.6 ஆகியிருந்தால்? 40 கூட்டல் 78, கணக்குப்படி 118. அங்கே போவதற்கு முன்னாலேயே இயந்திரம் கையைத் தூக்கிவிடும். காற்று போக வழியில்லாத இடத்தில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சத்தம்தான் வரும்.

இன்னொன்று. விசிறி வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் காற்று 20 சதவீதம் கூடும். ஆனால் விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் முப்படியில் ஏறுவதால் ஏறக்குறைய 73 சதவீதம் கூடும். சத்தமும் சுமார் 4 டெசிபல் ஏறும். அத்தனை செலவு செய்து ஊதுவதும் அறையில் இருக்கும் அதே 40 டிகிரி காற்றைத்தான். விசிறிக்கு காற்றைக் குளிர வைக்கத் தெரியாது, நகர்த்தத்தான் தெரியும்.

இப்போது மென்பொருள்களுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை.

ஸ்பீட்ஃபேன் இன்னும் பல இடங்களில் பரிந்துரைக்கப்படுகிறது. டெஸ்க்டாப் மதர்போர்டில் இருக்கும் கண்காணிப்பு சிப்போடு பேசுவதற்கு அது நல்ல கருவி. லேப்டாப்பில் கதை வேறு. அங்கே விசிறி எம்பெடட் கன்ட்ரோலர் என்ற தனிச் சிப்பின் கையில் இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் ஸ்பீட்ஃபேனுக்கு விசிறி கண்ணிலேயே படாது. பல வருஷமாகப் புதிய பதிப்பும் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் பட்டியலில் முதலிடம் கொடுக்கிறார்கள்.

நோட்புக் ஃபேன்கன்ட்ரோல் அந்த எம்பெடட் கன்ட்ரோலருக்குள்ளேயே நேராக எழுதுகிறது. அதனால் லேப்டாப்பில் வேலை செய்கிறது, அதனாலேயே ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் தனி அமைப்புக் கோப்பு வேண்டும். நம் மாடல் பட்டியலில் இல்லையென்றால் "பக்கத்து மாடலைப் போட்டுப் பாருங்க" என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். அதே சிப்தான் பல லேப்டாப்களில் கீபோர்டையும் பேட்டரியையும் கவனிக்கிறது. தெரியாத இடத்தில் எழுதிப் பார்க்கும் விளையாட்டு இல்லை இது.

எனக்குப் பிடித்த வடிவமைப்பு லினக்ஸில் திங்க்பேட்களுக்காக இருக்கும் டிரைவர். விசிறிக் கட்டுப்பாடு இயல்பாகவே பூட்டியிருக்கும். வேண்டுமென்றால் நாமே தெரிந்து திறக்க வேண்டும். 0 முதல் 7 வரை படிகள். முக்கியமானது அதில் இருக்கும் காவல் கடிகாரம். அதை 120 விநாடி வரை வைக்கலாம். கட்டுப்படுத்தும் நிரல் செத்துப்போய் அந்த நேரத்துக்குள் புதிய கட்டளை வரவில்லையென்றால், டிரைவரே விசிறியைப் பாதுகாப்பான நிலைக்குத் திருப்பிவிடும். அதன்மேல் ஓடும் திங்க்ஃபேன் நிரலில் ஏறும் வெப்பமும் இறங்கும் வெப்பமும் தனித்தனி. 60-ல் ஏறினால் 55-க்கு வந்தபிறகுதான் இறங்கும்படி வைக்கலாம். இல்லாவிட்டால் விசிறி நிமிஷத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கி உயிரை எடுக்கும்.

ஆகவே எந்த விசிறி மென்பொருளையும் எடைபோட எனக்கு இரண்டு கேள்வி போதும். என் மாடலை அதற்கு நிஜமாகவே தெரியுமா? அது பாதியில் செத்தால் விசிறி யார் கையில் இருக்கும்? வீடியோக்கள் இந்த இரண்டையும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளும் லேப்டாப்பைப் பிரித்தோம். வாரண்டி முடிந்த இயந்திரம் என்பதால் துணிந்தேன். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே மெத்தைப் பஞ்சு மாதிரி ஒரு படலம். அதில் பொடிப்பொடியாகச் சிவப்புத் தோல். அக்காதான் கண்டுபிடித்தாள்: "அது மல்லாட்டைத் தோலுடா." மாடியில் மல்லாட்டை காயப்போட்டு, உடைத்து, புடைப்பது அந்த அறை வாசலில்தான். லேப்டாப் ரெண்டு வருஷமாக அதை மூச்சாக இழுத்திருக்கிறது.

பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் கம்ப்ரஸரில் ஊதலாம் என்று மச்சான் சொன்னார், வேண்டாமென்றேன். அந்த அழுத்தம் அதிகம், காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். எதில் ஊதினாலும் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு அரிசி மணியளவு புதுசு வைத்தோம். காற்று இழுக்கும் துளைகள் அடியில் இருப்பதால், நாலு மூலையிலும் சோடா பாட்டில் மூடியை வைத்துத் தூக்கினோம். இத்தனை நாள் அது தலையணைமேல் உட்கார்ந்திருந்தது.

கடைசியாக டர்போவை அணைத்தோம். விண்டோஸில் பவர் அமைப்புகளுக்குள் போய், ப்ராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான இயந்திரங்களில் டர்போ நின்றுவிடும். முன் சொன்ன கணக்கிலேயே பாருங்கள்: 30 வாட் 20 ஆனால், 40 டிகிரி அறையிலும் சிப் 80-ல் நிற்கும். விசிறி தந்தது 6 டிகிரி. வாட்டைக் குறைத்தது தந்தது 20. ஆப்பிளின் மேக்புக் ஏர் 2020-ல் வந்த எம்1 மாடலிலிருந்து விசிறியே இல்லாமல் ஓடுகிறது. குறைந்த வாட்டில் நன்றாக வேலை செய்யும் சிப், சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு, இவ்வளவுதான் அதன் ரகசியம். சூட்டை விரட்டுவதைவிட உண்டாக்காமல் இருப்பது சுலபம்.

அன்றைக்கே மத்தியானம் ரெண்டு மணிக்கு, அதே அறையில், கேமராவைப் போட்டு ஒரு மணி நேரம் மாதிரித் தேர்வு ஓட்டினோம். சுவர் வெப்பமானி 39 காட்டியது. சிப் 80-ஐ ஒட்டியே நின்றது. விசிறி மென்பொருளை நீக்கிவிட்டோம். விசிறி இப்போது கம்பெனி வைத்த கணக்குப்படியே ஓடுகிறது, சத்தமும் குறைவு.

விசிறி வேகத்தை மாற்றுவதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சத்தம் வராமலிருக்க விசிறியைத் தாமதமாகக் கிளப்பும் லேப்டாப்கள் உண்டு. பாதை சுத்தமாக இருந்தால், பத்து டிகிரி முன்னாலேயே கிளப்பிவிடுவது நல்லதே. ஆனால் அது கடைசிப் படி. வீடியோக்கள் அதையே முதலும் முடிவுமாக ஆக்கிவிட்டன.

இன்னும் பெரிய மனத்தாங்கல் ஒன்று இருக்கிறது. ஆப்பிள் தன் மேக்புக்குகளை இயக்கச் சொல்லும் சூழல் வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை. வேறு பல லேப்டாப்களின் கையேட்டிலும் மேல்வரம்பாக அதே 35-ஐப் பார்க்கலாம். செஞ்சிப் பக்கம் சித்திரை, வைகாசி மத்தியானம் எப்படியிருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பித் தரும். ஷீட் போட்ட அறையில் 35 என்பது மத்தியானக் கணக்கே இல்லை, அது சாயங்காலக் கணக்கு. அதாவது நம் பிள்ளைகள் வருஷத்தில் சில மாசம் லேப்டாப்பை அதன் கையேட்டுக்கு வெளியே வைத்துத்தான் படிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மின்னணுச் சாதனம் தருவதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாம் டீக்கடையில் பேசுவது ராம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு, எந்தக் கம்பெனி என்றுதான். "எத்தனை டிகிரி அறையில், எத்தனை மணி நேரம், முழு வேகத்தில் ஓடும்?" என்று யாரும் கேட்டு நான் காதால் கேட்டதில்லை. கடையில் காசு கொடுத்து வாங்கும்போதும் கேட்பதில்லை, நான் உள்பட. அடியைத் திறந்து தூசி தட்ட எத்தனை திருகு என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. மல்லாட்டை காயும் வீடுகளுக்கு அது ராமைவிட முக்கியம்.

ஆன்லைன் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. மே மாசம் ரெண்டு மணி என்று நேரத்தைக் குறிக்கிறவர், எல்லா வீட்டிலும் ஏசி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் குறிக்கிறார். காலை எட்டு மணி என்றால் அவள் லேப்டாப் அந்தத் தூசியோடேகூடத் தாக்குப்பிடித்திருக்கலாம்.

அக்கா மகள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஃபேன் அதோட வேலையை ஒழுங்காத்தாம்மா செஞ்சுது. அதுக்குப் போக வழி இல்ல, ஊத நல்ல காத்து இல்ல." கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "இதை வீடியோவுல சொல்லியிருக்கலாமில்ல மாமா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். வீடியோ போடுகிற நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள்: அடுத்த தடவை லேப்டாப் பக்கத்தில் ஒரு சுவர் வெப்பமானியையும் வைத்துப் படம் பிடியுங்கள். அது 24 காட்டினால், இந்த வைத்தியம் அனந்தபுரத்து மாடி அறைக்கு இல்லை என்று பார்க்கிற பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.