கால் பங்கின் கணக்கு

இழைக் கோட்பாட்டைப் பற்றிப் பொதுவெளியில் இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கின்றன. இயற்பியலின் கடைசிக் கோட்பாடு இதுவே என்பது ஒன்று. அரை நூற்றாண்டாக ஒரு சோதனையிலும் தேறாத வெறுங்கணிதம் என்பது மற்றொன்று. இரண்டு குரலும் கருந்துளைக்குப் பக்கத்தில் வந்ததும் திணறுகின்றன. முதல் குரல் சொல்வதைவிட அங்கே கிடைத்தது குறைவு. இரண்டாம் குரல் ஒப்புக்கொள்வதைவிட அதிகம்.

கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது நிகழ்வெல்லையின் பரப்பைப் பொறுத்தது என்று ஜேக்கப் பெக்கன்ஸ்டீன் 1972-ல் சொன்னார். கருந்துளை வெப்பமுள்ள பொருளைப் போலக் கதிர்வீசும் என்று 1974-ல் ஸ்டீஃபன் ஹாக்கிங் கணக்கிட்டதும் விகிதம் துல்லியமாயிற்று: பரப்பைப் பிளாங்க் அலகில் அளந்து அதில் கால் பங்கு எடுத்தால் என்ட்ரோபி. சூரியனின் நிறைகொண்ட கருந்துளையின் ஆரம் சுமார் 3 கி.மீ.; அதன் என்ட்ரோபி 1-க்குப் பின் 77 பூச்சியங்கள் போட்ட எண்ணுக்கு அருகில் வரும்.

என்ட்ரோபி என்றால் நுண்ணிலைகளின் எண்ணிக்கையின் மடக்கை. ஒரு வாயுவில் எண்ண மூலக்கூறுகள் இருக்கின்றன. கருந்துளையில் என்ன இருக்கிறது? ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைக் கேட்டால் நிறை, மின்னூட்டம், சுழற்சி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடு என்று எது வந்து நின்றாலும் அதனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எதை எண்ணினால் அந்தக் கால் பங்கு வருகிறது?

1995-ல் அசோக் சென் இழையின் அதிர்வு நிலைகளை எண்ணி, பரப்புக்கு நேர்விகிதமான விடையைக் காட்டினார். முன்னால் வரும் எண் மட்டும் தீர்மானமாகவில்லை. அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஸ்ட்ரோமிங்கரும் கம்ருன் வாஃபாவும் அந்த எண்ணையும் பிடித்தார்கள். சுருண்ட பரிமாணங்களைச் சுற்றிப் பொதிந்த டி-பிரேன்களை (இழைகளின் நுனிகள் ஒட்டும் பரப்புகளை) எடுத்துக்கொண்டு, ஈர்ப்பு மிக வலுக்குறைந்த நிலையில் அவற்றின் குவாண்டம் நிலைகளை எண்ணினார்கள். பிறகு இடைவினையை வலுவாக்கினால் அதே அமைப்பு ஐந்து பரிமாணக் கருந்துளையாகிவிடும். அதன் பரப்பில் கால் பங்கும் முதலில் எண்ணிய எண்ணின் மடக்கையும் ஒன்றாகவே இருந்தன.

விடை 1974-லேயே தெரிந்ததுதானே, இதில் என்ன முன்கணிப்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் விடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ள அந்தக் கணக்கில் விருப்பம்போல் மாற்றும் எண் ஒன்றுகூட இல்லை. போட்டிக் கோட்பாடான வளையக் குவாண்டம் ஈர்ப்பு, அதன் வழக்கமான கணக்கில், இம்மிர்சி மாறிலி என்னும் மாற்றத்தக்க எண்ணுக்குத் தக்க மதிப்பைக் கொடுத்தால்தான் கால் பங்கைத் தருகிறது. இந்த வேறுபாட்டைச் சிறியதென்று தள்ள என்னால் முடியவில்லை.

கால் பங்கைத் தாண்டியும் ஒரு தேர்வு உண்டு. பரப்பின் மடக்கைக்கு நேர்விகிதமான ஒரு சிறு திருத்தம் என்ட்ரோபியில் சேரும். வளையக் கோட்பாட்டில் அந்தத் திருத்தத்தைக் கண்டவர்கள் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும், ஆண்டு 2000. பின்னர் சென், ஈர்ப்பின் தரப்பிலிருந்தே அதைக் கணக்கிட ஒரு வழி கண்டார். மீச்சமச்சீர்மை மிகுந்த கருந்துளைகளில் இழைக் கோட்பாட்டின் எண்ணிக்கை அதோடு பொருந்தியது. மின்னூட்டமும் சுழற்சியும் இல்லாத சாதாரண ஷ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளைக்கு வளையக் கோட்பாடு சொன்னது பொருந்துவதாகத் தெரியவில்லை என்று 2012-ல் சென் எழுதினார். இழைக் கோட்பாட்டின் ஆதரவாளர்கள் இதை வெற்றியாகச் சொல்வதுண்டு. ஷ்வார்ட்ஸ்சைல்டு தேர்வில் வளையக் கோட்பாடு தவறான விடை எழுதியதாகவே வைத்துக்கொள்வோம். இழைக் கோட்பாடு அந்தத் தாளை எழுதவே இல்லையே!

ஏன் எழுதவில்லை என்பதில்தான் வெற்றியின் எல்லை தெரிகிறது. ஸ்ட்ரோமிங்கர்–வாஃபா கருந்துளை மின்னூட்டத்தின் உச்ச வரம்பில் இருப்பது; அதன் வெப்பநிலை பூச்சியம், அது கதிர்வீசாது. ஈர்ப்பு வலுக்குறைந்தபோது எண்ணிய எண் வலுத்தபோதும் மாறாமல் இருப்பதற்கு மீச்சமச்சீர்மை காவல். அந்தக் காவல் நீங்கினால் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் இல்லை. வரம்புக்குச் சற்று விலகிய கருந்துளைகளின் கதிர்வீச்சையும் சுமித் தாஸ், சமீர் மாத்துர், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தார், மண்டல், வாடியா ஆகியோர் 1996-ல் பொருத்திக் காட்டினார்கள். அது பெரிய சாதனைதான். ஆயினும் விண்மீன் சரிந்து உண்டாகும் கருந்துளை அந்த வரம்பிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது.

இந்த எண்ணிக்கைகளில் ராமானுஜன் வருகிறார் என்பது உண்மை. 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் விவரித்த போலித் தீட்டாச் சார்புகளின் வழிவந்த கணிதத்தைத்தான் தபோல்கர், மூர்த்தி, சாகியர் மூவரும் கருந்துளை நிலைகளை எண்ணப் பயன்படுத்தினார்கள். நமக்குப் பெருமையாக இருக்கிறது. கோட்பாடு இயற்கையோடு ஒத்துப்போகிறது என்பதற்கு அது சான்றாகாது.

அடுத்தது தகவல் புதிர். கருந்துளை கதிர்வீசிக் கரைந்தால், உள்ளே விழுந்தவற்றின் தகவல் அழிந்தேபோகும் என்று ஹாக்கிங் 1976-ல் வாதிட்டார். குவாண்டம் இயக்கவியல் அதை அனுமதிக்காது. 1997-ல் ஹுவான் மால்டசேனா முன்வைத்த கருத்து இங்கே நிலைமையைப் புரட்டியது: ஆன்டி டி சிட்டர் என்னும் வகை வெளியில் நடக்கும் ஈர்ப்பும், அதன் விளிம்பில் வாழும், ஈர்ப்பே இல்லாத ஒரு கேஜ் கோட்பாடும் ஒன்றே. கேஜ் கோட்பாட்டில் தகவல் அழியாது. ஆகவே கருந்துளையிலும் அழியாது. 2004-ல் டப்ளினில் ஹாக்கிங், ஜான் பிரெஸ்கிலிடம் பந்தயத்தில் தோற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார்.

இரண்டும் ஒன்றே என்னும் இந்த இருமைக்கு முழு நிறுவல் கிடையாது. எண்ணற்ற சரிபார்ப்புகள் உண்டு, ஒன்றிலும் அது தவறவில்லை. அதை நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் முடிவு தெரிந்தது, வழி தெரியவில்லை. ஹாக்கிங்கின் கணக்கில் சிறுசிறு திருத்தங்கள் சேர்ந்து சிக்கலைத் தீர்த்துவிடும் என்ற ஆறுதலை 2009-ல் மாத்துர் தகர்த்தார். 2012-ல் அல்மைரி, மரோல்ஃப், போல்சின்ஸ்கி, சல்லி நால்வரும், தகவல் தப்ப வேண்டுமானால் நிகழ்வெல்லையில் நெருப்புச் சுவரே இருக்க வேண்டியிருக்கும் என்று காட்டினார்கள். பதினைந்து ஆண்டுப் பழமையான இருமையால் அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

2019-ல் பெனிங்டனும், தனியாக அல்மைரி குழுவினரும் ஒரு பதில் கண்டார்கள். கதிர்வீச்சின் குவாண்டம் பின்னல் முதலில் ஏறிப் பிறகு இறங்க வேண்டும் என்று டான் பேஜ் 1993-ல் சொன்ன வளைகோடு ஈர்ப்புக் கணக்கிலிருந்தே வந்தது. வயதான கருந்துளையின் உட்பகுதியில் ஒரு 'தீவு' வெளியே போன கதிர்வீச்சின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பேரேட்டில் வரவும் செலவும் நேராகிவிட்டன. எந்தக் கை எந்தக் கைக்குக் கொடுத்தது என்ற பதிவு மட்டும் இல்லை. போதாததற்கு, அந்தக் கணக்குகள் பெரும்பாலும் கதிர்வீச்சை ஈர்ப்பில்லாத ஒரு வெளித்தொட்டியில் சேர்க்கின்றன. அப்படி இணைக்கும்போது கிராவிட்டானுக்கு நிறை வந்துவிடுகிறது, நீண்டதூர ஈர்ப்புள்ள நம் உலகுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பது கார்ச், சுவ்ரத் ராஜு, லிசா ராண்டல் முதலியோர் 2021-ல் எழுப்பிய ஆட்சேபம். ஈர்ப்பில் தகவல் எப்போதுமே வெளியிலும் இருக்கிறது என்பது ராஜுவும், சென்னை கணிதவியல் கழகத்தின் அலோக் லத்தா முதலியோரும் எடுக்கும் நிலை. அது சரியானால் கேள்வியே மாறிவிடும்.

நம் பிரபஞ்சம் மேன்மேலும் வேகமெடுத்து விரிகிறது; 1998 முதல் இது தெரியும். ஆன்டி டி சிட்டர் வெளி அப்படிப்பட்டதன்று. ஹாக்கிங் கதிர்வீச்சை விண்ணில் யாரும் பார்த்ததில்லை, பார்ப்பதும் கடினம்: சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலை 1 கெல்வினில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே, சுற்றியுள்ள அண்டப் பின்னணியோ 2.7 கெல்வின். குவார்க்–குளுவான் திரவத்தின் பாகுநிலையை இருமை சரியாகச் சொன்னது என்பார்கள். அந்தக் கணக்கு குவார்க் கோட்பாட்டின் உறவுக்காரக் கோட்பாடு ஒன்றுக்குச் செய்யப்பட்டது, பொருத்தமும் தோராயமானது.

ஆகவே, குவாண்டம் இயக்கவியலும் ஈர்ப்பும் முரணின்றி ஒன்றாக இருக்க முடியும் என்று நிறுவியதற்காக இழைக் கோட்பாட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன். இயற்கை அந்த வழியில்தான் போகிறது என்ற கூற்றுக்கு இப்போதைக்கு ஒன்றும் தர முடியாது. 'தகவல் புதிர் தீர்ந்தது' என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால், எந்த வெளியில், எந்தத் தொட்டியோடு என்று கேளுங்கள். நான்கு பரிமாணத்தில், மின்னூட்டமின்றி, நம் வானத்தில் இருக்கும் கருந்துளையின் என்ட்ரோபியை 1996-ன் துல்லியத்தோடு இழைக் கோட்பாடு இன்னும் எண்ணிக் காட்டவில்லை.