கூட்டுக்குரலும் தனிப்பெயரும்: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் ‘என்ஜாய் எஞ்சாமி’ வரை

முன்னுரை

இசைக்குழுக்களில் எழும் பூசல்கள் பெரும்பாலும் கலைஞர்தம் தன்முனைப்பின் விளைவாகவே விளக்கப்படுகின்றன. படைப்பாளரின் பங்கை வரையறுக்கும் கலைச்சொற்கள், படைப்பு உருவாகும் முறைக்குப் பொருந்தாதபோதும் பூசல் எழும். இக்கருத்தைத் தெருக்குரல் அறிவின் பாடலொன்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குழுவின் பெயர்

இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், டென்மாவின் இசைத் தலைமையில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, பறை, ராப், ராக் ஆகியவற்றை 19 கலைஞர்கள் ஒரே மேடையில் இணைத்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லாட்சி குழுவின் பெயருக்கு மூலமாகும். அப்பெயர் எவரையும் முன்னிறுத்துவதில்லை. எனினும் அறிவு, இசைவாணி போன்றோர் தனித்தும் புகழ்பெற்றனர். கூட்டுப்பெயருக்கும் தனிப்பெயருக்கும் இடையிலான இழுவிசை, அறிவு இக்குழுவிற்கு வெளியே பங்கேற்ற ஒரு படைப்பில் பூசலாக வெளிப்பட்டது.

பாடலும் பூசலும்

2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’, தீ, அறிவு ஆகியோரின் குரலிலும் சந்தோஷ் நாராயணனின் இசையிலும் அமைந்தது. பாடலாசிரியர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் நினைவும் ஒப்பாரி மரபும் பாடலின் ஊற்றுகள். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாததை இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாடு தொடக்கவிழாவில் அறிவு இன்றியே இப்பாடல் நிகழ்த்தப்பட்டது. அதன்பின், மெட்டோ சொல்லோ தமக்கு எவரும் தரவில்லை என அறிவு அறிவித்தார். இசையமைத்தது தாமே என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கினார்.

சட்டமும் வாய்மொழி மரபும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957), இசைப்படைப்பு என்னும் வரையறையிலிருந்து பாடற்சொற்களை விலக்குகிறது. சொல் ஒருவருடையது, இசை மற்றொருவருடையது எனப் பிரிக்க அது இடந்தருகிறது. ஒப்பாரியிலோ சொல்லும் மெட்டும் ஒருங்கே பிறக்கின்றன. அடியின் நீளத்தை இழப்பின் விம்மல் அளக்கிறது. கானாவும் பாடுவோர் வாயிலேயே உருக்கொள்வது. இம்மரபில் வேரூன்றிய ஒருவரைப் ‘பாடலாசிரியர்’ என்று மட்டும் பதிவுசெய்தால், அவர் குரல்வழி வந்த மெட்டு கணக்கில் சேராது. மறுபுறம், இசைக்கோப்பு, தாளக்கட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றில் இசையமைப்பாளரின் உழைப்பும் மறுக்கத்தக்கதன்று. ஆகவே, முரண்படுவனபோல் தோன்றும் இரு கூற்றுகளும் ஒருசேர நேர்மையானவையாக இருத்தல் இயலும். ஒப்பாரியை வளர்த்த பெண்களுக்கோ இப்பகுப்பில் இடமே இல்லை.

சமபங்கு இதற்குத் தீர்வாகுமா என்பது அடுத்த வினா. அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம். தன் பாடல்களை நான்கு உறுப்பினர் பெயரிலும் பொதுவாகவே பதிவுசெய்தது. இம்முறை வருவாய்ப் பிணக்கைத் தணிக்கக்கூடும். இங்குப் பூசல் வெளிப்பட்ட களங்களோ இதழின் அட்டையும் விழா மேடையும் ஆகும். பணத்தைப் பகிர்வது போன்றே கலைஞரின் முகத்தையும் இருப்பையும் பகிர்ந்து காட்டிவிட இயலாது. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றைப் பாடும் பாட்டில் அதனைப் பாடியவரே காணாமற்போவது, பாடலின் பொருளையே மறுப்பதாகிறது.

முடிவுரை

வாய்மொழி மரபிலிருந்து கிளைக்கும் இக்காலப் பாடல்களை ஆராய்வோர், வெளியீட்டுப் பட்டியலிலுள்ள பெயர்களோடு அமைதல் போதாது. எக்கட்டத்தில் எவர் எதனைச் சேர்த்தார் என்பதைக் கலைஞர்களிடமிருந்தே பதிவுசெய்தல் வேண்டும். அத்தகைய ஆவணம் இருப்பின், பங்களிப்பு பற்றிய பூசலைத் தன்முனைப்பு என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.