பந்தை விட்டுக்கொடுக்காத அணி

கோல்கீப்பர் கையில் பந்து கிடைத்ததும் நம் கண் தானாக நடுக்கோட்டுப் பக்கம் போய்விடும். ஓங்கி ஒரு உதை, பந்து அங்கேதான் வந்து விழும், அதற்காக நாலு பேர் முட்டி மோதுவார்கள். இந்தியக் கால்பந்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி எஃப்.சி. ஆடியதைப் பார்த்தபோது அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் நவுசெட் சாந்தானா பந்தைக் கீழே வைப்பார். பக்கத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரருக்குத் தட்டிவிடுவார். எதிரணி முன்கள வீரர் பாய்ந்து வருவார். அவர் நெருங்கும்வரை காத்திருந்து, அவர் விட்டுவந்த காலி இடத்துக்குப் பந்தை அனுப்புவார்கள். அந்த ஒரு நொடிக் காத்திருப்பில்தான் அந்த அணியின் அழகு முழுக்க இருந்தது என்பேன்.

சென்னை-திருப்பதி நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர் எங்கள் கனகம்மாசத்திரம். தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் இடம். இங்கே மைதானம் என்றால் கிரிக்கெட், இல்லாவிட்டால் கபடி, வாலிபால். கால்பந்து டி.வி.யில்தான். பையன்கள் பார்சிலோனா சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள், மெஸ்ஸி எந்த ஆண்டு எத்தனை கோல் அடித்தார் என்று ஒப்பிக்கிறார்கள். அவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் சங்கதி ஒன்று உண்டு. 1899-ல் பார்சிலோனா கிளப்பைத் தொடங்கிய ஜோன் காம்பர் சுவிட்சர்லாந்துக்காரர். அதற்கு முன் 1893-ல் பிறந்த எஃப்.சி. பாசல் என்ற கிளப்பில் ஆடியவர். அந்தப் பாசல்தான் 2019-ல் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

ஐரோப்பிய கிளப் ஒன்று தேடி வந்து பங்கு வாங்கும் அளவுக்கு இந்தச் சின்ன கிளப்பில் என்ன இருந்தது? பணம் இல்லை. பெயரில் சென்னை இருந்தாலும் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தார்கள். 2017-18-ல் பட்டியலின் அடிவாரத்தில் தத்தளித்து எட்டாவது இடத்தில் கரையேறினார்கள். அதற்கடுத்த பருவத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் பெரிய லீக்கில் இடம் கிடைக்காத, ஆனால் பந்தோடு பேசத் தெரிந்த ஆட்கள் அணிக்கு வந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் சாந்தானா. அவர்களோடு எட்வின் வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, அஜித்குமார் என்று நம் பையன்கள்.

வெளிநாட்டவரை முன்னால் நிறுத்தி, நம்மவர்கள் ஓடிப் பந்தைப் பிடுங்கி அவர்களிடம் கொடுப்பது இந்தியாவில் பல அணிகளின் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. சாண்ட்ரோ தட்டிய பந்து எட்வினிடம் வரும், எட்வின் அதை ஒரே தொடுதலில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தானே காலி இடத்துக்கு ஓடுவார், பந்து மறுபடி அவரைத் தேடி வரும். வீணை வாசிப்பவர் ஸ்வரத்தை நீட்டுவதும் விடுவதும் போல, வேகம் ஏறுவதும் தணிவதும் அவர்கள் கையில் இருந்தது. கோர்டில்லோவைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் இடையிலுள்ள சந்தில் வந்து நிற்பார். பந்து வரும் முன்பே தலையைத் திருப்பி ஒரு பார்வை. பந்து காலில் படும்போது உடம்பு ஏற்கெனவே கோல் பக்கம் திரும்பியிருக்கும். அந்த அரைத் திருப்பத்துக்காகவே ஆட்டத்தைப் பார்க்கலாம்.

மான்சி உருகுவேயில் பிறந்தவர். முதல் ஆட்டத்திலேயே, 2018 அக்டோபரில் இந்தியன் ஏரோஸ் அணியை 4-1 என்று வென்றபோது, மூன்று கோல் அடித்தார். பருவம் முடியும்போது அவர் கணக்கு 21. அணி அடித்தது மொத்தம் 48, அந்த லீக்கிலேயே அதிகம்.

2019 மார்ச் 9-ஆம் தேதி நடந்த, கோப்பையை முடிவு செய்யும் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. இங்கே கோவையில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. எந்த அணிக்கும் அந்த நேரத்தில் பதற்றம் வரும், பந்தைத் தூக்கி அடிக்கத் தோன்றும். இவர்கள் தங்கள் வழியை விடவில்லை. 56-ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். சமன் போதாது, ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தா போய்விடும், அவர்கள் 2-1 என்று வென்றும்விட்டார்கள். 69-ஆவது நிமிடத்தில் அசாம்காரரான கௌரவ் போரா ஒன்று, கூடுதல் நேரத்தில் அவரே இன்னொன்று. கோல் அடிப்பது வேலையே இல்லாத ஒரு தடுப்பாட்டக்காரர் கோப்பையை எடுத்துக் கொடுத்தார். 43-க்கு 42, ஒரே புள்ளி வித்தியாசம்.

அதன் பிறகு கதை இறங்குமுகம். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், அகமதாபாத்தில், பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். கோர்டில்லோ அதற்கு முன்பே ஹைதராபாத் அணிக்குப் போயிருந்தார். மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டம் ஒன்று மாலத்தீவின் மாசியாவோடு 2-2. உடனே கொரோனா வந்து போட்டியையே நிறுத்திவிட்டது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. பெரிய கிளப் என்றால் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும். சின்ன கிளப்புக்கு ஆட்கள் போனால் ஆட்டமும் போய்விடுகிறது.

அந்த ஆட்டக்காரர்கள் வீணாகவில்லை. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கும் ரொமாரியோ கோவாவுக்கும் அஜித்குமார் பெங்களூருவுக்கும் போனார்கள். முன்பு இதே கிளப்பில் ஆடிய வியாசர்பாடி நந்தகுமார் சேகர், 2023 டியூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை ஒற்றைக் கோலில் வீழ்த்தினார். ஒரு சின்ன கிளப் இத்தனை பேரை வளர்த்து அனுப்பியதை நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் கோப்பையை வென்ற ஒரே அணி சென்னை சிட்டிதான். அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் இணையத்தில் கிடைத்தால் கோல்களை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். கோல்கீப்பர் பந்தைக் கீழே வைக்கும் இடத்திலிருந்து பாருங்கள்.